பனையை எண்ணிப் பறந்தவர்

அவர் சாப்பிட உட்காரும்போது நான் எஞ்சினின் எட்டு பிளக்குகளையும் கழற்ற ஆரம்பித்தால், எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்து, திரும்ப மாட்டி, கையில் உள்ள எண்ணெயையும் கழுவிவிடலாம். அப்போதும் அவர் ரசத்துக்குத்தான் வந்திருப்பார். கேலிக்காகச் சொல்லவில்லை. ஒன்றேகால் வருடம் அவரிடம் வேலை பார்த்தேன்.

பெயர் வேண்டாம். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு எதற்கு வம்பு? கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கடலைக்காயும் பருத்தியும் விளைகிற பெரிய பண்ணை அவருடையது. ஊரில் எல்லோரும் பண்ணாடி என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். முப்பதுகளின் நடுவில், சுற்று வட்டாரத்தில் மோட்டார் கார் வைத்திருந்தவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், அவர் ஒரு பழைய விமானத்தை வாங்கினார். மரச்சட்டம், மேலே துணி, இரண்டடுக்கு இறக்கை, ஒன்றின்பின் ஒன்றாக இரண்டு பேர் உட்காரக் குழி. நான் போத்தனூர்க்காரன். சென்னையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஓர் இடத்தில் ஐந்து வருடம் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற பிட்டராக இருந்தேன். விமானத்தை விற்றவர்கள், கூடவே ஒரு பிட்டரும் வேண்டும் என்று என்னையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய வாயில் எப்போதும் ஒரே சொல்தான். "மெல்ல." மாட்டை ஓட்டுகிறவனிடம் மெல்ல. பிள்ளைகளிடம் மெல்ல. கோபமாக வந்து நிற்கிற பங்காளியிடமும் மெல்ல. அதில் பாதி நல்ல குணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விமானம் இறங்குவதற்காகச் சமன்படுத்திய வயலின் நடுவில் ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டை வைத்தது. குஞ்சு பொரித்து ஓடும்வரை விமானத்தைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் இல்லீப்பா" என்று திரும்பி வருவார். எந்தப் பணக்காரன் அப்படிச் செய்வான்?

ஆனால் அதே மெல்லத்தைக் காரிலும் காட்டினார். பொள்ளாச்சிக்குப் போகிற ரோட்டில் முதல் கியரை விட்டு இரண்டாவதற்கு மாற்ற மாட்டார். எஞ்சின் கதறும். கோபாலபுரம் எல்லைச் சாவடிக்குப் போய்ச் சேரும்போது ரேடியேட்டரில் நீராவி பீய்ச்சி அடிக்கும். அந்தச் சாவடிச் சேவகன், தூரத்தில் எங்கள் கார் சத்தம் கேட்டதுமே குடத்தில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு நிற்பான்.

"கியரை மாத்துனீங்கன்னா எஞ்சினுக்குச் சொகமுங்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"மாத்துனா வெசையாப் போயிருமில்ல? எஞ்சினுக்கு எதுக்குப்பா நோவு குடுக்கோணும்?"

நோவு கொடுப்பதே அவர்தான். இதை எப்படிச் சொல்வது?

அந்த விமானம் அவருக்கு எதற்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரைக் கிறுக்கர் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் மனைவி பண்ணாடிச்சியின் பிறந்த ஊர் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, சித்திரையில் தன் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு, நோம்பி என்பார்கள், அந்த அம்மாளால் போகவே முடியவில்லை. மாமனார் இருந்தவரை அனுப்பவில்லை. பிறகு பிள்ளைப்பேறு, அறுவடை, யாராவது ஒருவருக்குக் காய்ச்சல். அந்த அம்மாள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காததுதான் பண்ணாடியை அரித்தது. நோம்பியன்று காலையில் கோயில் பொட்டலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, மனைவியை வானத்திலிருந்து இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. என்னிடம் இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் சிவக்கும்.

பண்ணாடிச்சி அதற்குச் சொன்ன பதில் என் தலையில் வந்து விழுந்தது. "பிட்டரு சரீன்னு சொன்னாருன்னா ஏறறனுங்க" என்றாராம்.

அன்று பிடித்தது எனக்குச் சனி.

மெதுவாகப் போகிற விமானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டி மெதுவாகப் போனால் மாட்டுக்கு இழுவை குறையும். விமானத்திலும் ஓரளவு வரை அப்படித்தான். எண்பது மைல் வேகத்தில் போகிறவர் அறுபதுக்கு வந்தால் எஞ்சினுக்கு வேலை குறையும். ஆனால் அதற்கும் கீழே போகப் போக, இறக்கைக்கு அடியில் காற்றின் தாங்கல் போதாது. விமானம் தாழாமல் இருக்க மூக்கை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். எதிர்காற்றில் முறத்தைப் படுக்கையாகப் பிடித்தால் சும்மா இருக்கும். நிமிர்த்திப் பிடித்தால் கையைப் பிடுங்கும். இறக்கையும் அப்படித்தான். தூக்கத் தூக்கக் காற்று பின்னால் இழுக்கும். இழுக்க இழுக்க வேகம் குறையும். வேகம் குறைந்ததால் இன்னும் தூக்க வேண்டும். ஐம்பதுக்குக் கீழே போய்விட்டால், மெதுவாகப் போவதற்கே எஞ்சினின் முழு உயிரும் தேவைப்படும். அங்கே மாட்டிக்கொண்டவர் மேலே போக நினைத்து, ஓட்டுகிற குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் கீழேதான் போவார். தப்பிக்க ஒரே வழி, மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூக்கைக் கீழே இறக்குவது. இறக்கினால் வேகம் வரும், வேகம் வந்தால் தூக்கும். நாற்பதுக்கு வந்தால் எல்லாம் முடிந்தது, கல் மாதிரி விழும்.

இது எனக்குச் சென்னையில் பாலபாடம். பண்ணாடிக்கும் அங்கேதான் கற்றுக்கொடுத்தார்கள், ஓட்டுவதற்கு உரிமமும் கொடுத்தார்கள். அங்கே அவர் ஓட்டிய நாளெல்லாம் நல்ல கடற்காற்று. அது அவருடைய அதிர்ஷ்டம், என் துரதிர்ஷ்டம்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தெரிந்தால்தான் மீதி விளங்கும். வடக்கே மலை, தெற்கே மலை, நடுவே கணவாய். ஆனி பிறந்ததும் அந்தச் சந்தில் மேற்கிலிருந்து மேல்காற்று நுழைந்தால் வேட்டி இடுப்பில் நிற்காது. பண்ணாடி எங்கள் வயலில் முதன்முதலாக இறங்கிப் பழகியது அந்த ஆனி, ஆடியில். அறுபது மைல் வேகத்தில் விமானம் முன்னே போகும், முப்பது மைல் வேகத்தில் காற்று எதிரே வரும். ஆகவே தரையில் பார்த்தால் விமானம் முப்பதில்தான் ஊரும். அவருக்கு அது சொர்க்கமாக இருந்தது.

இறங்கும்போது விமானத்தின் மூக்கு முன்பக்கத்தை மறைக்கும். அதனால் அவர் பக்கவாட்டில் பார்ப்பார். வடக்கு வரப்பு நெடுக, வயலையும் தாண்டிக் கிழக்கே வெகுதூரம் பனை வரிசை. ஒரு பனை கடந்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த பனை. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று அவர் எண்ணுவது பேச்சுக்குழாய் வழியாக என் காதில் விழும். முன் குழிக்கும் பின் குழிக்கும் நடுவே ஒரு ரப்பர்க் குழாய் உண்டு. எஞ்சின் சத்தம் குறைவாக இருக்கும்போது அதில் பேசிக்கொள்ளலாம். அவர் பின்னால், நான் முன்னால். தனியாக ஏறவே மாட்டார். ஓட்டுகிற குச்சி இரண்டு குழியிலும் உண்டு; என் குழியில் இருந்ததைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டார். "ஒரு வண்டிக்கு ரெண்டு பேரு கவுறு புடிக்கக் கூடாதுப்பா." எஞ்சினைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோல் மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தது, அதைக் கழற்ற முடியாது என்பதால்.

ஆக அவர் பார்த்து ஓட்டியது பனையை. இறக்கையில் காற்று மோதும் வேகத்தைக் காட்டுகிற முள் ஒன்று என் குழியில் இருந்ததைப் போலவே அவர் கண்ணெதிரேயும் இருந்தது. அதை அவர் சுவரில் தொங்குகிற காலண்டரைப் போல மதித்தார்.

காற்று நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு அன்றைக்கே பயம் வந்துவிட்டது. காற்றில்லாத நாளில் பனை இரண்டு மடங்கு வேகமாக ஓடும். அது பழையபடி ஊர வேண்டும் என்று இவர் இழுத்துப் பிடித்தால், முள் அறுபதிலிருந்து சரிந்து சரிந்து... சித்திரையில் நோம்பி. சித்திரையில் எங்கள் கணவாயில் ஓர் இலை ஆடாது.

சொன்னேன். எத்தனை விதமாகச் சொன்னேன். மாசியில் காற்றில்லாத ஒரு காலை, நல்ல உயரத்தில் நேராகப் பறக்கச் சொல்லி, எண்பது, எழுபது, அறுபது, ஐம்பது, நாற்பத்தைந்து என்று ஒவ்வொரு வேகத்துக்கும் எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்பதைச் சிலேட்டில் எழுதினேன். காலைக் குளிர்ச்சியில் நானே நெம்புகோலைக் கூட்டிக் கூட்டி எப்படியோ இறங்கிவிட்டோம்; இறங்கியதும் காட்டினேன். சந்தோஷப்பட்டார்.

"பாத்தியா? கொறையுது பாரு. நான் என்ன சொன்னேன்? மெல்லப் போனா எஞ்சினுக்கு நோவு கம்மி."

"அறுவது வரைக்குந்தானுங். அதுக்குக் கீழ பாருங், மறுக்கா ஏறுது. நாப்பத்தஞ்சுல, எம்பதுக்குக் குடுத்ததுக்கு மேல குடுக்க வேண்டியிருக்குதுங்."

குனிந்து பார்த்தார். நிதானமாகக் கட்டைவிரலை எச்சில் தொட்டு, கடைசி இரண்டு வரியையும் அழித்தார்.

"அது காத்துப்பா."

"இன்னைக்குக் காத்தே இல்லீங்களே."

"மேல இருக்கும். உனக்குத் தெரியாது."

இன்னொரு நாள் அவருடைய கிணற்றடிக்கே போனேன். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓடிக்கொண்டிருந்தது. மாடுகள் சரிவில் கீழே இறங்க இறங்க, கிணற்றிலிருந்து சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியது. இதைவிட நல்ல பாடம் யாருக்குக் கிடைக்கும்?

"பாருங், மாடு கீழ எறங்குனாத்தானே சால் மேல வருது? ஏரோப்ளேனும் அப்படித்தானுங். மூக்கைக் கீழ எறக்குனாத்தான் தூக்கும்."

வெகுநேரம் மாட்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரு நப்பாசை.

"அது மாடுப்பா" என்றார்.

அங்கேயே கிணற்றில் விழுந்திருக்கலாம். தப்பு அவருடைய மூளையில் இல்லை, அதுதான் என்னை அதிகம் வதைத்தது. கடலைச் செடியைப் பார்த்தே மண்ணில் என்ன குறை என்று சொல்லிவிடுவார். எந்தப் பேச்சையும் பொறுமையாகக் கேட்பார். ஆனால் ஐம்பது வருடமாக மெல்லப் போனதால் உயிரோடு இருக்கிற மனிதரிடம், மெல்லப் போனால் சாவீர்கள் என்று நான் சொல்கிறேன். அவருக்கு அது ஏறவே இல்லை. சென்னைக்கு எழுதிக் கற்றுக்கொடுத்தவரை வரவழைக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் "மெல்லப் பாக்கலாம்" என்றார்.

நோம்பிக்கு முந்தின நாள் காலை. வெயில் ஏறிவிட்டது. காற்றின் திசை பார்க்கக் கொட்டகை மேலே கட்டியிருந்த துணி செத்த பாம்பைப் போலத் தொங்கியது. கடைசியாக ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கலாம் என்றார். கிழக்கே போய்த் திரும்பி, வயலைப் பார்த்து இறங்கத் தொடங்கினோம். வயலின் கிழக்குக் கோடியில் அந்தப் பனை வரிசையின் ஒரு கிளை வளைந்து வயலின் வாயை மறித்து நிற்கும்; அதைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

குழாயில் குரல் வந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு... என்னப்பா பனை இந்த ஓட்டம் ஓடுது?"

"பனையைப் பாக்காதீங். முள்ளைப் பாருங்."

"மெல்லப்பா, மெல்ல."

மூக்கு மேலே எழுந்தது. ஐம்பத்தைந்து. இறக்கைக் கம்பிகளின் பாட்டுச் சத்தம் அடங்கியது. அது அடங்கினால் வேகம் செத்துவிட்டது என்று அர்த்தம். ஐம்பது. விமானம் இறங்க வேண்டியதைவிட வேகமாகத் தாழ்ந்தது. அது இறங்குவதைப் பார்த்து அவர் இன்னும் இழுத்தார். நாற்பத்தெட்டு. எதிரே பனைகளின் தலை எங்கள் மட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது.

நான் நெம்புகோலை முட்ட முட்டத் தள்ளினேன். எஞ்சின் அலறியது. நாங்கள் இரண்டு பேர், பழைய எஞ்சின், சூடான காற்று. முழுச் சக்தியும் கொடுத்தும் விமானம் மேலே ஏறவில்லை. வாலைத் தொங்கவிட்டு, மூக்கை நிமிர்த்தி, உறியில் தொங்குகிற சட்டியைப் போல அந்தரத்தில் நின்றது. கொடுக்கிற சக்தியையெல்லாம் அந்த நிமிர்ந்த இறக்கையே தின்றுகொண்டிருந்தது. நாற்பத்தைந்து. என் கையில் கொடுக்க வேறு எதுவும் இல்லை. மூக்கைக் கீழே தள்ள வேண்டியது பின்னால் இருந்தவர். குழாயில் கத்தினேன். அந்த அலறலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, கீழே கீழே என்று அடித்துக் காட்டினேன்.

அவர் பார்த்தார். பார்த்து, கீழே ஏதோ இருக்கிறது, அதைத்தான் நான் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். என்ன இருக்கிறது என்று பார்க்கக் குழியின் விளிம்புக்கு மேல் எட்டிக் குனிந்தார். குனிந்தபோது குச்சியைப் பிடித்திருந்த கையும் முன்னால் போனது. மூக்கு சரிந்தது. பனைகளை நோக்கி விழுவதைப் போல இருந்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து, கம்பிகள் மறுபடி பாட ஆரம்பித்தன, இறக்கை காற்றைப் பிடித்தது. சக்கரத்தில் சரசரவென்று ஏதோ உரசியது. தாண்டிவிட்டோம். இறங்கினோம்.

சக்கரத்தின் அச்சில் ஒரு முழம் பனையோலை சிக்கியிருந்தது. அதை உருவி அவரிடம் நீட்டினேன். அவர் ஓலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ என்னத்தக் காட்டுன? ஒண்ணையுங் காணமே."

நான் அச்சில் மிச்சம் இருந்த ஓலைத் துணுக்கையும் பிய்த்துக் கீழே போட்டேன்.

"செரி, போவுது. பாத்தியா பிட்டரு? மெல்ல வந்ததுனால தப்பிச்சோம். நீ சொல்ற வெசைல வந்திருந்தா பனை மேலயே மோதியிருப்போம்."

என் வாழ்க்கையில் ஒரு மனிதரை அடிக்க வேண்டும் என்று கை துடித்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் விடிந்ததும் விமானத்தை வெளியே தள்ளினோம். பண்ணை ஆட்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். பண்ணாடி கோடி வேட்டி உடுத்தி, முதன்முதலாகப் பெண் பார்க்கப் போகிறவரைப் போல நின்றார். பண்ணாடிச்சி கூறைப்புடவையோடு, அம்மனுக்கு மாவிளக்குச் சாமானை ஒரு துணி மூட்டையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மூட்டையை மார்போடு அணைத்திருந்தார். அத்தனை வருடத்துக்குப் பிறகு ஊர் நோம்பிக்குப் போகிறார். நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க பிட்டரு, ஏறலாமுங்களா?"

ஓர் இலை ஆடவில்லை. பண்ணாடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லு, சொல்லு என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

"ஏறாதீங்க" என்றேன்.

அந்த அம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. "மெல்லத்தானுங்களே ஓட்டறாங்க? பயமென்னத்துக்குங்க?"

"அதனாலதானுங்க."

பண்ணாடிச்சி என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்க்காமல், மூட்டையோடு திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். பண்ணாடி என் அருகில் வந்தார். சத்தம் போடவில்லை.

"உன்ற பொட்டியக் கட்டிக்க. சாவடி வரைக்கும் வண்டி வரும்."

கட்டிக்கொண்டேன். அதே மாட்டு வண்டிதான் பிறகு பண்ணாடிச்சியையும் நோம்பிக்கு ஏற்றிக்கொண்டு போனதாம்; பொழுது சாய்ந்துதான் ஊர் போய்ச் சேர்ந்தாராம். விமானம் அதன்பின் எழும்பவில்லை. எஞ்சினுக்கு ஆள் இல்லை, ஏற வேண்டியவர் ஏற மாட்டேன் என்றுவிட்டார். வருடக் கடைசியில் யாரோ வந்து கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

எனக்கு இன்றும் கோபம்தான். நான் சொன்னது சரி என்று அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணம் காட்சி என்று எங்கே ஆட்கள் கூடினாலும் என் கதையை எடுப்பாராம். "எங்கூட்டுல ஒரு பிட்டரு இருந்தான். கைவேல சுத்தம். ஆனா நெம்ப பயந்தாங்கொள்ளி. அவனாலதான் என்ற பொண்டாட்டி ஊருக்குப் பறந்து போகாமப் போச்சு." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பண்ணாடிச்சி அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பாராம். இருபது வருடம் இப்படியே சொல்லியிருக்கிறார். அதை நேரில் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னவர்களிடம், அவரும் அந்த அம்மாளும் சௌக்கியமா என்று மட்டும் கேட்பேன்.